பக்கத்து ஊர் பயணம்: குடவோலை ஊரில் ஒரு நாள்

மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு எங்கேயாவது ஒரு நாள் போய் வந்தால் தேவலை என்று 2022 பிப்ரவரியில் பேசாத வீடு இல்லை. மூன்றாவது அலை இறங்கிக்கொண்டிருந்தது. ஞாயிறு ஊரடங்கும் இரவு ஊரடங்கும் ஜனவரியோடு முடிந்துவிட்டிருந்தன. கோயில்கள் வெள்ளி, சனி, ஞாயிறும் திறந்திருந்தன. பிப்ரவரி 1 முதல் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போனார்கள். ஆனாலும் ரயில் ஏறி நான்கு நாள் வெளியூரில் தங்கும் தைரியம் பலருக்கு வந்திருக்கவில்லை.

அதனால் காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பும் பயணங்களுக்கு மவுசு கூடியிருந்தது. சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு அப்படி ஓர் ஊர் உத்திரமேரூர். சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். காஞ்சிபுரத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் ஏறக்குறைய ஒரு மணி நேர பஸ் பயணம்.

அந்த மாதம் அங்கே போக இன்னொரு காரணமும் இருந்தது. 2022 பிப்ரவரி 19 சனிக்கிழமை தமிழ்நாடு முழுவதும் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சித் தேர்தல் நடந்தது. உத்திரமேரூரும் ஒரு பேரூராட்சிதான். ஓட்டுப் போடுவது எப்படி, யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்று 1,100 வருடங்களுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த ஊர், இத்தனை வருடங்கள் கழித்து மறுபடி ஓட்டுப் போட்டது.

முதலில் சுந்தரவரதர்

காலையில் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் முதலில் சுந்தரவரதப் பெருமாள் கோயிலைப் பார்த்துவிடுவது நல்லது. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள்.

பல்லவர் காலத்துக் கோயில் இது. விமானமே மூன்று அடுக்கு. கீழ்த்தளத்தில் பெருமாள் நின்ற கோலத்தில் சுந்தரவரதர், நடுத்தளத்தில் அமர்ந்த கோலத்தில் வைகுண்டவரதர், மேல்தளத்தில் பள்ளிகொண்ட அனந்தபத்மநாபர். முதல் இரண்டு தளங்களின் சுற்றுச் சன்னிதிகளையும் சேர்த்தால் மொத்தம் ஒன்பது மூர்த்தங்கள். மேல்தளங்கள் எப்போது திறக்கப்படும் என்பதை அங்குள்ள பட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். படிகள் குறுகலானவை. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கீழே தாயார் ஆனந்தவல்லியைச் சேவித்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருக்கலாம்.

அங்கிருந்து ஊருக்கு நடுவே இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போவோம். கோபுரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துவிடுவார்கள். தாழ்வான ஒரு கல் மண்டபமும் சிறிய சன்னிதியும்தான். இந்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2020 மார்ச் 17 அன்று நாடு முழுவதும் தொல்லியல் துறை நினைவுச் சின்னங்கள் மூடப்பட்டன. இரண்டாவது அலையில் 2021 ஏப்ரல் 16 அன்று மறுபடி மூடப்பட்டன. அப்போது பூட்டப்பட்ட இடங்களில் ஒன்று, இன்று யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

மண்டபத்தின் சுவரிலும் அடித்தளத்திலும் வரிவரியாக எழுத்து. பத்தாம் நூற்றாண்டுத் தமிழும் கிரந்தமும் கலந்து இருப்பதால் நமக்கு ஓரிரண்டு எழுத்துகள்தான் பிடிபடும். அடையாளம் தெரிகிறதே என்று விரலை வைத்துத் தேய்க்கவோ, சாக்பீஸ் பூசிப் போட்டோ எடுக்கவோ கூடாது. 1,100 வருடம் தாங்கிய கல்லை நாம் கெடுத்துவிடக்கூடாது.

குடம், ஓலை, ஒரு சிறுவன்

முதலாம் பராந்தக சோழனின் 12-ம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919-ல் ஒரு கல்வெட்டு. 14-ம் ஆண்டில், 921-ல் இன்னொன்று. உத்தரமேரூர் சதுர்வேதிமங்கலம் என்று அப்போது பெயர். அரசனின் ஆணையோடு வந்த அதிகாரி உடனிருக்க, ஊர்ச் சபை கூடி எழுதிக்கொண்ட விதிகள் இவை. முதல் கல்வெட்டில் எழுதியது போதவில்லை என்று இரண்டே வருடத்தில் இன்னும் விரிவாகத் திருத்தி எழுதியிருக்கிறார்கள்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் நம் கணக்கில் வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பின் பெயரோடு கட்டாகக் கட்டிக் குடத்தில் போடுவார்கள். சிறியவர் பெரியவர் எல்லோரும் கூடியிருக்க, ஊரில் உள்ள கோயில் அர்ச்சகர்கள் ஒருவர் விடாமல் வந்து உட்கார வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து, குடத்தை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடிப்பார்.

உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத ஒரு சிறுவனைக் கூப்பிட்டு ஒரு கட்டை எடுக்கச் சொல்வார்கள். அந்தக் கட்டை அவிழ்த்து வேறு குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். மறுபடி அதே சிறுவன் ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்திருந்தால் தெரிந்துபோகும் அல்லவா! அவர் வாசித்த பிறகு, அங்கே இருக்கும் அர்ச்சகர்கள் எல்லோரும் அதே ஓலையை வாங்கி வாசிக்க வேண்டும். அப்புறம்தான் அந்தப் பெயர் செல்லும்.

இப்படி 30 குடும்புக்கும் 30 பேர். அவர்களில் முன்பே வாரியத்தில் இருந்த அனுபவமும் வயதும் கல்வியும் உள்ளவர்களாகப் பார்த்து 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். மீதி 6 பேர் ஏரி வாரியம். பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் தனியாகக் குடவோலை எடுத்து ஆறு ஆறு பேர். பதவிக் காலம் 360 நாள். இடையில் தப்பு செய்ததாகத் தெரிந்தால் அப்போதே நீக்கிவிடலாம்.

கணக்குக் காட்டாதவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை

யாருக்குப் பதவி கிடையாது என்ற பட்டியல்தான் இன்று படிக்க இன்னும் சுவாரசியம். முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் நிற்க முடியாது. பிறர் பொருளைக் கவர்ந்தவர் நிற்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே, எந்த வாரியத்திலாவது இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் நிற்கவே முடியாது.

அவர் மட்டும் அல்ல. அவருடைய சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை, மாமன் பிள்ளைகள், தாய்மாமன், அப்பாவோடு பிறந்தவர்கள், உடன்பிறந்தவர், மாமனார், மைத்துனர், சகோதரியின் கணவர், சகோதரியின் மகன், மகளைக் கட்டிய மருமகன், அப்பா, மகன் என்று ஒரு கல்யாணப் பத்திரிகையே நீளுகிறது. ‘நான் நிற்க முடியாவிட்டால் என்ன, மச்சானை நிறுத்துகிறேன்’ என்று யாராவது கிளம்பிவிடுவார்கள் என்பது பத்தாம் நூற்றாண்டிலேயே தெரிந்திருக்கிறது!

பெருமைப்படும்போதே இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். “அப்போ பாட்டி எல்லாம் அந்தக் காலத்தில் நின்றிருக்கலாமா?” என்று ஒரு பேத்தி கேட்டால் பதில், இல்லை என்பதுதான். இது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், இன்றைய கணக்கில் சுமார் ஒன்றரை ஏக்கருக்கு மேல், வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். கூடுதலாகக் கற்றவருக்கு அரைக்கால் வேலி நிலம் இருந்தால் போதும் என்று சலுகை. பெண்களுக்கு இடம் இல்லை. அந்த நிலத்தில் உழுதவர்களுக்கும், ஊரின் மற்ற உழைப்பாளிகளுக்கும் குடத்தில் ஓலை இல்லை.

இன்று நிலம் கேட்பதில்லை, சாதி கேட்பதில்லை. 21 வயது ஆனவர் நிற்கலாம், 18 வயது ஆனவர் ஓட்டுப் போடலாம். உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு. யாரைச் சேர்த்துக்கொள்வது என்பதில் நாம் அந்தச் சுவரைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டோம். ஆனால், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கணக்கு எங்கே என்று கேட்பதில் அந்தச் சுவர் நம்மை இன்னும் கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

மன்றம் இல்லாத ஐந்து வருடங்கள்

தமிழ்நாட்டில் பேரூராட்சிகளுக்கு அதற்கு முன் தேர்தல் நடந்தது 2011 அக்டோபரில். அப்போது தேர்வானவர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. உடனே நடக்க வேண்டிய தேர்தலை, இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை என்று தள்ளிப்போனது.

2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தபோதும் காஞ்சிபுரம் மாவட்டம் அதில் இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்புதான் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்திருந்தது. அடுத்து கொரோனா வந்தது. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் தேர்தல் வந்தது. உத்திரமேரூர் பேரூராட்சிக்கு 2022 பிப்ரவரியில்தான் முறை வந்தது.

அதாவது, 360 நாளுக்கு ஒருமுறை குடத்தைத் தூக்கிய ஊரில் ஐந்து வருடங்களுக்கும் மேலாக மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இருக்கவில்லை. 2020 டிசம்பர் 10 அன்று டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது, பிரதமர் உத்திரமேரூர் கல்வெட்டைக் குறிப்பிட்டுப் பேசினார். நாடு முழுக்க இந்த ஊரின் பெயர் கேட்டது. அந்த நாளிலும் உத்திரமேரூரில் ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை. 921-ம் ஆண்டு கல்வெட்டுக்கு 1,100 வயது நிறைந்த 2021-ம் அப்படியே கழிந்தது.

கொரோனா காலத்தில் இது வெறும் சட்டப் பிரச்னை அல்ல. ஊரடங்கு நாள்களை நினைத்துப் பாருங்கள். தெரு முனையில் தகரம் அடித்தார்கள். உள்ளே இருப்பவருக்குப் பால் யார் கொண்டுவருவது, தனியாக இருக்கும் பாட்டிக்கு மாத்திரை யார் வாங்குவது, வெளிமாநிலத்திலிருந்து வந்து செங்கல் சூளையில் வேலை செய்பவர் யாரிடம் போய் நிற்பது? இவை எல்லாமே தெரு அளவில் எழுந்த கேள்விகள்.

தனி அலுவலர்களும் செயல் அலுவலர்களும் இருந்தார்கள். தூய்மைப் பணியாளர்கள் ஒரு நாள் விடாமல் தெருவில் இருந்தார்கள். அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டி, “அண்ணே, எங்க தெருவுக்குத் தண்ணி லாரி வரல” என்று உரிமையோடு கேட்க, அடுத்த தேர்தலில் நம்மிடம் வந்து நிற்க வேண்டிய ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அப்போது இல்லை. கிராமங்களிலும் 2020 அக்டோபர் 2 அன்று நடக்க வேண்டிய கிராம சபைக் கூட்டம் கொரோனாவைக் காரணம் காட்டி ரத்தானது. கூடிப் பேசவும் வழி இல்லை.

2022 பிப்ரவரியில் 28 வயது வரை இருந்த நகர்ப்புற இளைஞர் எவரும் அதுவரை தன் ஊர் மன்றத்துக்கு ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை. கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, அந்தக் குழந்தைக்கு ஆன்லைன் வகுப்பும் முடிந்துவிட்டிருந்தது. சொந்தத் தெருவின் சாக்கடைக்கு யார் பொறுப்பு என்று முடிவு செய்யும் ஓட்டு மட்டும் அப்போதுதான் கைக்கு வந்தது.

ஏரிக்கரையில் கொஞ்ச நேரம்

சாப்பாட்டுக்குப் பிறகு வெயில் தாழ்ந்ததும் ஏரிப் பக்கம் போகலாம். மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் உத்திரமேரூர் ஏரியும் ஒன்று. கல்வெட்டுகளில் இதன் பெயர் வைரமேக தடாகம். பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயர்களில் ஒன்று வைரமேகன். 2021 நவம்பரில் பெய்த மழையில் மாவட்டத்து ஏரிகள் நிரம்பின. பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள்.

இந்த ஏரியைத் தூர்வாரக் கொடுக்கப்பட்ட கொடைகளும் ஊர்க் கல்வெட்டுகளில் வருகின்றன. ஏரிக்கென்று தனி வாரியம் ஏன் வைத்தார்கள் என்பது கரையில் நின்று பார்த்தால் புரியும். மதகு அடைத்தால், கரை உடைந்தால், ஊருக்குச் சோறு இல்லை. பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை அது. இன்னும் நேரமும் ஆசையும் இருந்தால் வேடந்தாங்கலும் அதிகத் தூரம் இல்லை. அதுவும் ஓர் ஏரிதான், பறவைகளுக்குப் பேர்போன ஏரி. திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

சுவரில் ஒரு மருத்துவமனை

திரும்பும் வழியில் ஒரு மணி நேரம் திருமுக்கூடலுக்கு ஒதுக்குங்கள். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். பாலாற்றுக்கு அக்கரையில் பழைய சீவரம். ஆற்றோரம் உள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் 11-ம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழனின் நீளமான கல்வெட்டு இருக்கிறது. அதில் ஒரு மருத்துவமனையின் முழு விவரம். பெயர் வீரசோழன்.

நோயாளிகளுக்கு 15 படுக்கை. ஒரு வைத்தியர். அறுவை வைத்தியம் செய்ய ஒருவர். மூலிகை பறித்து வர, விறகு கொண்டுவர இரண்டு பேர். மருந்து காய்ச்சி நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள். ஒரு நாவிதர். தண்ணீர் கொண்டுவர ஒருவர். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நாளைக்கு ஒரு நாழி அரிசி. இராத்திரி எரியும் விளக்குக்கு எண்ணெய். ஒரு வருடத்துக்கு இருப்பு வைக்க வேண்டிய சுமார் 20 மருந்துகளின் பட்டியல். அதில் ஒன்று ஆடாதோடையும் கடுக்காயும் சேர்ந்த மருந்து. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சிக் குடித்த கபசுரக் குடிநீரிலும் இந்த இரண்டும் உண்டு என்பது பாட்டிகளுக்குத் தெரியும்.

யாருக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு சம்பளம் என்பதும் அதில் உண்டு. நாவிதருக்கும் தண்ணீர் சுமப்பவருக்கும் என்ன கூலி என்றுகூடக் கோயில் சுவரில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் வெட்டியிருக்கிறார்கள். 2021 மே மாதம் ஆம்புலன்ஸுகள் மருத்துவமனை வாசலில் வரிசையாக நின்ற நாள்களில், எங்கே எத்தனை படுக்கை காலியாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் குடும்பங்கள் போனும் கையுமாகத் தவித்தன. அந்த நாள்களைக் கடந்து வந்தவர்களுக்கு, ‘15’ என்று கல்லில் எழுதி வைத்ததன் அருமை தெரியும். பொது இடத்தில் எழுதிய கணக்கை யாரும் வந்து எண்ணிப் பார்க்கலாம்.

கிளம்புவதற்கு முன்

சொந்த வண்டியில் வருபவர்கள் ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு தாண்டி, புக்கத்துறையில் திரும்பினால் நேராக உத்திரமேரூர். பஸ்ஸில் வருபவர்கள் செங்கல்பட்டு அல்லது காஞ்சிபுரம் வந்து மாறிக்கொள்ளலாம். திருமுக்கூடலையும் ஒரே நாளில் சேர்ப்பதென்றால் சொந்த வண்டி வசதி. தண்ணீர் பாட்டிலும், முடிந்தால் புளியோதரையும் தயிர் சாதமும் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.  வரலாறு, குடிமையியல் பாடத்தில் குடவோலை படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் மறக்காமல் அழைத்துப் போங்கள். படித்த பாடத்தைக் கல்லில் பார்க்கட்டும்.

2022 பிப்ரவரி 19 சனிக்கிழமை மட்டும் பயணத்துக்கான நாளாக இருக்கவில்லை. அன்று காலை 7 மணி முதல் அவரவர் ஊரில், அவரவர் வாக்குச்சாவடியில் வேலை இருந்தது. கொரோனா தொற்று உள்ளவர்களும் விட்டுப்போகாமல் இருக்க மாலை 5 முதல் 6 வரை நேரம் ஒதுக்கியிருந்தார்கள்.

ஓட்டுப் போட்டதோடு விட்டுவிடவும் வேண்டாம். பாதி வார்டுகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. நாற்காலி அந்த அம்மாவுக்கா, அவர் வீட்டுக்காரருக்கா என்று தெருக்காரர்கள்தான் கவனிக்க வேண்டும். குப்பை வண்டிக்கு எவ்வளவு செலவானது, கால்வாய் தூர்வார எவ்வளவு ஒதுக்கினார்கள், கொரோனா நிவாரணத்துக்கு வந்த பணம் எதற்குப் போனது என்று உறுப்பினரிடம் கேளுங்கள். மத்தியஸ்தரை ஐந்து விரலையும் விரித்துக் காட்டச் சொன்ன ஊர் இது. கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.